டயருக்குப் பின்னால் எலுமிச்சம்பழம்

அத்தான்,

மூன்று நாளாகக் கையிலிருந்து பட்டி வாசம் போகவில்லை. சோப்பு போட்டுத் தேய்த்தேன், தின்னர் தொட்டுத் துடைத்தேன். சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனால் அந்த இனிப்பு நெடிதான் முதலில் வருகிறது. ரசம் அப்புறம்தான். இர்விங்கில் உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருக்கிறேன். கார்த் தகட்டின் பள்ளத்தை நிரப்ப கராஜில் நீங்கள் வைத்திருந்த அதே வகைப் பட்டி, அதே சிவப்புக் க்ரீம். குழைத்தால் ரோஜா நிறத்துக்கு வந்து, ஐந்து நிமிஷத்தில் கல்லாகிவிடுமே, அது.

நீங்கள் போய் ஐந்து வாரம் ஆகிறது. ஆபீஸ் படிக்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்றார்கள். அக்கா நியூஜெர்சியிலிருந்து போனில் ஒரே வரிதான் சொன்னாள். "வீட்டையும் வண்டியையும் வித்துடு தம்பி. நான் வரல." இரண்டரை வருஷமாக அவள் அங்கே, நீங்கள் இங்கே. சட்டப்படி இன்னும் உங்கள் மனைவி. அதனால் சாவி அவளிடம் வந்து, அவளிடமிருந்து என்னிடம் வந்தது.

ஓட்டை என்றால் ஆணி அடித்த ஓட்டை இல்லை. இந்த ஊர் சுவர் வெறும் ஜிப்சம் பலகை, உள்ளே ஒன்றும் கிடையாது. ஓங்கிக் குத்தினால் மணிக்கட்டு வரை உள்ளே போகும். ஹாலில், பெட்ரூமில், உங்கள் பெண் பாப்பாவின் அறைக் கதவுக்குப் பக்கத்தில் என்று எல்லாம் ஒரே அளவு. ஒன்றில் என் முஷ்டியை விட்டுப் பார்த்தேன். சுற்றிலும் இடம் மிச்சம் இருந்தது.

உங்கள் கை அவ்வளவு பெரியது. அந்தக் கைக்கு நான் அவ்வளவு பெரிய ரசிகனாக இருந்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

தொண்ணூற்று இரண்டு. நான் அமெரிக்காவுக்குப் படிக்க வந்து மூன்று மாதம். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் அறுபத்தொன்பதாம் வருஷத்து மசில் கார் என்கிற அசுர இன்ஜின் வண்டியின் கார்புரேட்டரை எப்படிக் கழற்றி எப்படிப் பூட்டுவது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்! யூனிவர்சிட்டி கம்ப்யூட்டர் லேபில் நியூஸ்குரூப் என்ற ஒன்றைக் கண்டுபிடித்திருந்தேன். உலகத்தில் எங்கெங்கோ இருந்த பைத்தியங்கள் எல்லாரும் பழைய வண்டிகளைப் பற்றி அதில் எழுதிக்கொண்டே இருப்பார்கள். கட்டுக்கட்டாகப் பிரிண்ட் எடுத்து வந்து உங்களிடம் படித்துக் காட்டுவேன். நீங்கள்தான் ஒருநாள், "படிச்சது போதும் மாப்ள, ஒண்ண வாங்கிப் பாத்துருவோமா?" என்றீர்கள்.

ஊருக்கு வெளியே ஒரு பண்ணையில் கிடந்தது. தரையே துருப்பிடித்து உதிர்ந்து, பின் சீட்டில் கோழி முட்டையிட்டிருந்தது.

"என்னடா இது, எருமை மாதிரி படுத்துக் கெடக்கு?"

"அத்தான், இது வி எயிட்! முன்னூறு குதிரை சக்தி!"

"அப்ப முன்னூறு குதிரைய முழுங்குன எருமை."

அன்றிலிருந்து அதன் பெயர் எருமை. அக்கா வாசலில் நின்று பார்த்தாள். இடுப்பில் இரண்டு வயதுப் பாப்பா. "இதுக்கு நான் சாணி வேற அள்ளணுமா?" என்று கேட்டாள். நாம் மூன்று பேரும் சிரித்தோம். அக்கா சிரித்து நான் பார்த்ததைக் கணக்கெடுத்தால் அந்தச் சிரிப்பு முன்வரிசையில் வரும்.

சனிக்கிழமை காலையில் பஸ் பிடித்து வந்துவிடுவேன். ஆபீஸில் நீங்கள் டை கட்டிக்கொண்டு, மேனேஜர் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற ஆள். கராஜ் ஷட்டரை இறக்கியதும் வேறு ஆள். துருவேறி இறுகிய போல்ட்டுக்கு எண்ணெய் விட்டு ஒருநாள் காத்திருக்க வேண்டும் என்று நான் பிரிண்ட் அவுட்டைப் பார்த்துப் படித்தால், சம்மட்டியை எடுத்துவிடுவீர்கள்.

"இரும்புகிட்ட கெஞ்சாத மாப்ள. கெஞ்சுனா நம்மள எளப்பமா நெனைக்கும்."

அடி! கராஜே அதிரும். போல்ட் தலை தெறித்துச் சுவரில் போய்ப் பதியும். ஒருமுறை சம்மட்டி வழுக்கி உங்கள் இடது கை முட்டி எலும்பு தெரிகிற அளவுக்குப் பிளந்தது. முன் சக்கரத்துக்கு மேலிருக்கும் ஃபெண்டர் தகட்டின் மேல் ரத்தம் சொட்டிக்கொண்டிருக்க, நீங்கள் சிரித்தபடி டேப்பைச் சுற்றிக்கொண்டு மறுபடி அடித்தீர்கள். எனக்குப் புல்லரித்தது. அன்றைக்கே நியூஸ்குரூப்பில் முழுக் கதையையும் எழுதினேன். 'சம்மட்டிக்காரர் இந்த வாரம் என்ன உடைத்தார்?' என்று எங்கோ நார்வேயிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் கேட்க ஆரம்பித்தார்கள். உங்களுக்கு ரசிகர் மன்றம் வைத்தது நான்தான்.

ஒரு விஷயத்தில் நீங்கள் பிடிவாதம். நசுங்கின தகட்டின் மேல் பட்டி தடவி மறைப்பதை ஒத்துக்கொள்ள மாட்டீர்கள். "பட்டி வெக்கிறது ஏமாத்து வேலை. தட்டித்தான் நேராக்கணும்." உள்பக்கம் ஒரு இரும்புக் கட்டியைக் கொடுத்து, வெளிப்பக்கம் சின்ன சுத்தியலால் தட்டித் தட்டி, உள்ளங்கையால் தடவிப் பார்த்து, மறுபடி தட்டுவீர்கள். ஒரு கதவுக்கு நாலு மாதம். ஆனாலும் அலமாரியில் பட்டி டப்பா காலியாகிக்கொண்டே இருந்தது. புது டப்பா வரும், அதுவும் குறையும். நான் கவனித்தேன். கேட்கவில்லை.

அடுத்த வருஷம் இன்ஜினைக் கழற்றிச் சிலிண்டர் வேலைக்கு ஒரு பட்டறைக்கு அனுப்பினோம். ஆறு வாரம் ஆகும் என்றார்கள். அதில் நாலாவது சனிக்கிழமை. அக்கா கதவைத் திறந்தாள். இடது கண் மூடிக் கிடந்தது.

"என்னக்கா இது?"

"கபோர்டு கதவுடா. குனிஞ்சு நிமிந்தேன், தெறந்திருந்துச்சு. உள்ள வா, தோசை ஆறுது."

அடுக்களையில் தோசை வாசத்தோடு பட்டி வாசம் அடித்தது. வண்டிக்கே தடவாத பட்டி இங்கே எப்படி?

சிவகாசியிலிருந்து உங்கள் சித்தப்பா வருஷா வருஷம் ஒரு கட்டு சாமி காலண்டர் அனுப்புவார். அச்சாபீஸில் மிஞ்சியது. இர்விங்கில் எல்லார் வீட்டிலும் ஒரு காலண்டர் இருந்தால் உங்கள் வீட்டில் ஏழெட்டு. அதைப் பக்தி என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு அடுக்களையில் முருகன் காலண்டர் என் இடுப்பு உயரத்தில் தொங்கியது.

"முருகன் ஏன்க்கா இவ்ளோ கீழ நிக்குறாரு?"

"பாப்பாவுக்கு எட்டணும்ல."

தேதித்தாள் மூன்று வாரத்துக்கு முந்தையது. கிழிக்கலாம் என்று கை வைத்தேன், காலண்டர் நகர்ந்தது. பின்னால் ரோஜா நிறத்தில் ஒரு வட்டம், பட்டி இறுகும்போது ஏறும் சூடு இன்னும் அடங்கவில்லை. அக்கா என் கையைப் பிடித்து முருகனைப் பழைய இடத்தில் நிறுத்தினாள். "கிரீன் கார்டு வரட்டும்டா. அதுவரைக்கும் நானும் பாப்பாவும் அவர் விசாவுல ஒட்டிக்கிட்டுதான் இருந்தாகணும். நீ எதையும் கெளறாத."

கிளறினேன். கராஜில் இன்ஜின் இல்லாத வண்டிக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தீர்கள். "அக்காவ அடிச்சீங்களா அத்தான்?" என்றேன். எழுந்து வந்தீர்கள். சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி ஃபெண்டர் மேல் அறைந்தீர்கள். பின்மண்டை தகட்டில் மோதிக் காதுக்குள் மணி அடித்தது. இன்னொருமுறை அறைந்தீர்கள். "ஒனக்கு வேல கராஜோட. வீட்டுக்குள்ள எட்டிப் பாத்த, கொன்னுருவேன்."

விட்டீர்கள். காலரைச் சரிசெய்துவிட்டீர்கள். பிறகு குனிந்து ஃபெண்டரைப் பார்த்து உச்சுக்கொட்டினீர்கள். என் சட்டை பட்டன் ப்ரைமர் பூச்சில் ஒரு கோடு இழுத்திருந்தது.

"ச்ச. அந்த ஸாண்ட் பேப்பர எடு மாப்ள."

எடுத்துக் கொடுத்தேன், அத்தான். போலீஸை அழைக்க மூன்றே எண்தான். எனக்கு அது தெரியாமல் இல்லை. உங்களுக்கு ஸாண்ட் பேப்பரை எடுத்துக் கொடுத்தேன்.

பஸ்ஸில் திரும்பும்போது என் பெரிய மூளை ஒரு கண்டுபிடிப்பைச் செய்தது. வண்டியில் வேலை இருந்த வாரங்களில் அக்கா நன்றாக இருந்தாள். இன்ஜின் இல்லாமல் கை சும்மா இருந்த வாரத்தில்தான் கண் வீங்கியது. அப்படியானால், இந்தக் கைக்கு அடிக்க எதாவது வேண்டும். அது எருமையாக இருக்கட்டும். கிரீன் கார்டு வரும்வரை வண்டி முடியக்கூடாது. முடிய விடக்கூடாது!

நியூஸ்குரூப்பில் கேட்டேன்: 'ஒரு வண்டியை ஒருபோதும் முடிக்காமல் வைத்திருப்பது எப்படி?' விளையாட்டு என்று நினைத்துவிட்டார்கள். நாற்பது பதில். 'சுலபம், கல்யாணம் பண்ணிக்கொள்' என்று ஒருவன் எழுதியிருந்தான். அதுதான் எல்லாருக்கும் பிடித்த பதில்.

நானே கற்றுக்கொண்டேன். கார்புரேட்டர் கிண்ணத்தில் ஒரு சிட்டிகை மண். சரியாக இருந்த கேஸ்கெட்டில் பிளேடால் ஒரு கீறல். நீங்கள் ஒரு மாதம் தேடி வாங்கிய கதவுக் கைப்பிடியை என் பையில் போட்டுக்கொண்டு போய்க் குளத்தில் எறிந்தேன். அதை எறிந்தபோது அழுகையே வந்தது, அவ்வளவு அழகான கைப்பிடி! வாரம் முழுக்க எருமையின் படங்களைப் பார்த்து ஏங்கிவிட்டு, சனிக்கிழமை போய் அதையே கெடுப்பேன். நீங்கள் ஸ்பானரைச் சுவரில் வீசுவீர்கள். "எவன்டா இந்த வண்டிய சபிச்சது!" என்று கத்துவீர்கள். இன்னும் மூன்று மாத வேலை என்று நான் உள்ளுக்குள் குதிப்பேன். அக்காவை நான் காப்பாற்றிக்கொண்டிருந்தேன் இல்லையா? இப்படியே ஐந்து வருஷம்.

அப்படியும் முடித்துவிட்டீர்கள். தொண்ணூற்று எட்டு ஆயுத பூஜை. கறுப்புப் பெயிண்டில் முகம் பார்க்கலாம். இர்விங்கில் தெரிந்த குடும்பங்கள் எல்லாம் கராஜ் வாசலில். ஸ்பானர்களுக்கும் சம்மட்டிக்கும் சந்தனப் பொட்டு. அக்கா நாலு எலுமிச்சம்பழத்தோடு டயருக்கு முன்னால் குனிந்தாள்.

"அங்க இல்ல. பின்னாடி வை," என்றீர்கள்.

பக்கத்துத் தெரு அங்கிள் விடவில்லை. "என்னப்பா, முன்னாடி வைக்கிறதுதான் வழக்கம்."

"முன்னாடி செவுருதான் இருக்கு அங்கிள். வண்டி ரிவர்ஸ்லதான வெளிய வரணும்?"

"சாமிக்கு ரிவர்ஸ் எல்லாம் தெரியுமா?"

"அமெரிக்கா வந்த சாமிக்குத் தெரியும்."

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா பழங்களை டயருக்குப் பின்னால் ஒட்டினாற்போல் வைத்தாள். நீங்கள் உட்கார்ந்து சாவியைத் திருப்பினீர்கள். துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம், கார்புரேட்டர் வாயிலிருந்து ஒரு முழத்துக்குத் தீ. குழந்தைகள் வீறிட்டு அழுதன. மறுபடி திருப்பினீர்கள். மறுபடி வெடி. எருமை உடம்பைக் குலுக்கிவிட்டு அடங்கியது. அன்று காலையில் நீங்கள் குளிக்கப் போனபோது நான் இரண்டு ப்ளக் வயர்களை இடம் மாற்றிச் செருகியிருந்தேன்.

"பழம் நசுங்கவே இல்லியேப்பா! சாதம் கெளறிடலாம் போல," என்றார் அங்கிள். கூட்டம் சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். பல் மட்டும்தான் சிரித்தது. நான் சுண்டலை ஒரு டப்பாவில் கட்டிக்கொண்டு ரொம்பச் சந்தோஷமாகக் கிளம்பினேன்.

இரண்டு நாள் கழித்து அக்கா போன் செய்தாள். பாத்டப்பில் வழுக்கிவிட்டதாம். வலது கை, முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் இரண்டு துண்டு. அடுத்த மாதம் கிரீன் கார்டு தபாலில் வந்தது. வந்த வாரமே, நீங்கள் ஆபீஸில் இருந்தபோது, இரண்டு சூட்கேஸோடு அக்காவையும் பாப்பாவையும் ஏர்போர்ட்டுக்கு, அதற்குள் ஓட்டக் கற்றிருந்த நான்தான், ஒரு வாடகைக் காரில் கூட்டிக்கொண்டு போனேன். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் அக்காவின் காலேஜ் தோழி வீடு.

ஃப்ரீவேயில் ஏறியதும் எனக்குத் தாங்கவில்லை. யாரிடமும் சொல்லாத வீரம் அல்லவா?

"அக்கா, ஒண்ணு சொல்லவா? அன்னிக்கு வண்டி ஸ்டார்ட் ஆகாததுக்குக் காரணம் நான்தான். அன்னிக்கு மட்டும் இல்ல, அஞ்சு வருஷமா நான்தான். அந்த மனுஷன் வண்டிய அடிச்சிக்கிட்டே இருக்கட்டும்னு."

அக்கா மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின் சீட்டிலிருந்து பாப்பா, எட்டு வயது, சீட் பெல்ட்டை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"பட் மாமா, ஹி கெட்ஸ் மேட் வென் இட் டஸின்ட் ஸ்டார்ட்."

வண்டி ஸ்டார்ட் ஆகாதபோதுதான் அப்பாவுக்குக் கோபம் வரும். அவ்வளவு சுலபம். எட்டு வயதுக்குத் தெரிந்திருந்தது.

"வேலை இருந்தா அடிக்க மாட்டாருன்னு உனக்கு யார்றா சொன்னா?" என்றாள் அக்கா. குரல் உயரவே இல்லை. "அன்னிக்கு எல்லாரும் போனதும் டார்ச் அடிச்சுப் பாத்தாரு. ரெண்டு வயர் மாறியிருக்குன்னு கண்டுபிடிச்சிட்டாரு. உள்ள வந்து, நீ தொட்டியான்னு கேட்டாரு. இல்லன்னு சொன்னா அடுத்து உன் பேர்தான வரும்? ஆமான்னேன்."

பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். ஆக்ஸிலேட்டரை மிதித்தேன்.

"கார்புரேட்டர்ல மண்ணு போட்டதும் நீதானடா? கைப்பிடி காணாமப் போனது? எல்லாத்துக்கும் ஆமான்னுதான் சொன்னேன். தெனம் நீ ஏன் இப்படிச் செய்யிறன்னு யோசிப்பேன். வெளையாட்டுப் புள்ள, வண்டி முடிஞ்சா சனிக்கிழமை வர முடியாதேன்னு செய்யுது போலன்னு விட்டுட்டேன்." பிறகு ரோட்டைப் பார்த்து, "எக்ஸிட் போச்சு. பாத்து ஓட்டு," என்றாள்.

அதற்கப்புறம் உங்களை நான் பார்க்கவில்லை. ஒருமுறை போன் செய்தீர்கள். "மாப்ள, எருமை ரெடி. சனிக்கிழம வர்றியா?" என்றீர்கள், ஒன்றுமே நடக்காத மாதிரி. வைத்துவிட்டேன். 'மண்ணைப் போட்டது நான், வயரை மாற்றியது நான், அவள் இல்லை' என்று அந்த ஒரு நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயம்தான். பின்மண்டையில் அந்த மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

இப்போது வீட்டுக்குள் வந்து பார்க்கிறேன். அக்கா மாட்டிய காலண்டர்களுக்குப் பின்னால் எல்லாம் நீங்கள் அடைத்து, ஸாண்ட் பேப்பர் போட்டு, கன்னம் மாதிரி வழவழவென்று வைத்த வட்டங்கள். ஒவ்வொரு டப்பாவும் எங்கே போனது என்று கடைசியில் தெரிந்துகொண்டேன். நான் அடைத்துக்கொண்டிருப்பவை அவள் போன பிறகு விழுந்தவை. அவற்றை நீங்கள் மூடவே இல்லை. மறைக்க வேண்டிய ஆள் வீட்டில் இல்லையே.

நேற்று வண்டியை வாங்க ஒரு கிழவர் ட்ரெய்லரோடு வந்தார். சட்டைப் பையிலிருந்து துணி சுற்றிய காந்தம் ஒன்றை எடுத்து, வண்டி முழுக்க அங்குலம் அங்குலமாக வைத்துப் பார்த்தார். பட்டி இருக்கும் இடத்தில் காந்தம் ஒட்டாது, வழுக்கும். ஓரிடத்தில்கூட வழுக்கவில்லை. அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. பானெட்டைத் தூக்கினார். எட்டு ப்ளக் வயர்கள். ஒவ்வொன்றிலும் வெள்ளை டேப் ஒட்டி உங்கள் கையெழுத்தில் ஒன்றிலிருந்து எட்டு வரை எண். இனி யாரும் மாற்றிச் செருக முடியாது.

"எப்பேர்ப்பட்ட பொறுமைசாலி!" என்றார். "இப்படித் தட்டுவதற்கு எவ்வளவு மென்மையான கை வேண்டும் தெரியுமா? யார் செய்தது?"

அந்த ஆளை அங்கேயே ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போய், உங்கள் காந்தத்தை இந்தச் சுவரில் வையுங்கள் என்று காட்ட வேண்டும் போலிருந்தது. அதோடு, சொல்லவே கூசுகிறது, ஒரு கணம் பெருமையாகவும் இருந்தது. அவ்வளவு அழகாக நின்றது எருமை.

"நாங்கள் இரண்டு பேரும்தான்," என்றேன்.

அவர் ட்ரெய்லரில் வண்டியை இழுத்து ஏற்றும் வின்ச் கம்பியைப் பின்னால் மாட்டினார். மாட்டக் குனிந்தவர், "இது என்ன?" என்று கேட்டார். டயர்களுக்குப் பின்னால், ஒட்டினாற்போல், நாலு கறுப்பு உருண்டைகள். அக்கா வைத்த இடத்திலிருந்து நகரவே இல்லை. வயரைச் சரிசெய்து, எண் ஒட்டி, ரெடி என்று எனக்குப் போனும் செய்த நீங்கள், இந்த வண்டியை ஓரடிகூட வெளியே எடுக்கவில்லை. ஏன் என்று தெரியாது. உங்களுக்கு நல்ல காரணம் கற்பித்துத் தர நான் தயாராக இல்லை.

"எடுத்துவிடட்டுமா?" என்றார்.

"வேண்டாம். ஏறட்டும்."

வின்ச் மோட்டார் உறுமியது. கம்பி விறைத்தது. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக நம் கையால் எழுந்த எருமை அசைந்தது. பழத்தில் சாறு ஏது? காய்ந்து கட்டையாகிப் போயிருந்தது. நாலும் ஒரே நேரத்தில் உடைந்தன. டக்கென்று, வறட்சியாக, சின்னதாக ஒரு சத்தம்.

அக்கா கை உடைந்தபோது நான் அங்கே இல்லை அத்தான். பஸ்ஸில், மடியில் உங்கள் வீட்டுச் சுண்டலோடு, சிரித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். அதன் சத்தம் எப்படி இருந்திருக்கும் என்று இரண்டரை வருஷமாக எனக்குத் தெரியாமல் இருந்தது.

இப்போது இந்தச் சத்தத்தை வைத்திருக்கிறேன்.